குறைந்தது தண்ணீர்தான், உப்பு குறையவில்லை

கேள்வி: பத்து வருடமாகத் தங்கமீன், ஃப்ளவர்ஹார்ன் எல்லாம் வளர்த்துப் பழக்கம். மகள் ஆசைப்பட்டாள் என்று ஏப்ரல் மாதம் கடல் மீன் தொட்டி வைத்தேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தொட்டி, ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி வெளியே எடுக்கும் கருவி), செராமிக் கல், மணல் எல்லாம் கொளத்தூரில் வாங்கினேன். தண்ணீரைக் கோவளம் கடற்கரையிலிருந்து கேனில் எடுத்து வந்தேன். மூன்றாம் நாளே நான்கு க்ளோன் மீன் (கோமாளி மீன்), ஒரு நீல டேங் மீன், ஒரு கடல் சாமந்தி (அனிமோன்) விட்டேன். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து ஒருவர் உயிருள்ள பவளம் இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். ஒரே வாரத்தில் மூன்று க்ளோன் இறந்துவிட்டன. டேங் உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி வந்து அதுவும் போய்விட்டது. மே மாதம் தண்ணீர் 32 டிகிரிக்குப் போனதால் ஃபேன் வைத்தேன். பதினைந்து நாளாகத் தினமும் இரண்டு லிட்டர் குறைகிறது. கடல் தண்ணீரையே விட்டுப் பழைய கோட்டுக்கு நிரப்புகிறேன். பவளம் இரண்டும் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டன. சாமந்தி நகர்ந்து போய், தண்ணீரைச் சுழற்றும் பம்பான பவர்ஹெட்டில் சிக்கிக் கிழிந்துவிட்டது. மிஞ்சியிருப்பது ஒரே ஒரு க்ளோன். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கினால் சரியாகுமா? இல்லை, இதோடு விட்டுவிடலாமா? மகள் தொட்டிப் பக்கமே வருவதில்லை. (தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்:

அன்புள்ள தாம்பரம் வாசகருக்கு,

சில்லர் இப்போதைக்கு வேண்டாம். தொட்டியையும் விட்டுவிட வேண்டாம். உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் வெளுத்த பவளம் இல்லை; 'பழைய கோட்டுக்கு நிரப்புகிறேன்' என்ற வரிதான். மிஞ்சியிருக்கும் அந்த ஒரு மீனுக்கு இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை அதில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தொட்டியிலிருந்து ஆவியாகப் போவது வெறும் தண்ணீர். உப்பு உள்ளேயே நின்றுவிடும். மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். பாத்தியில் கடல் தண்ணீரைப் பாய்ச்சுகிறார்கள், வெயில் தண்ணீரைக் குடிக்கிறது, மறுபடி பாய்ச்சுகிறார்கள், கடைசியில் உப்பு பூக்கிறது. உங்கள் தொட்டியிலும் இதே கணக்குதான் நடந்திருக்கிறது. கல், மணல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக உங்கள் தொட்டியில் சுமார் 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. தினம் இரண்டு லிட்டர் வீதம் பதினைந்து நாளில் 30 லிட்டர் விட்டிருக்கிறீர்கள். அதனோடு ஒரு கிலோவுக்கு மேல் உப்பும் உள்ளே போயிருக்கிறது. தொடக்கத்தில் 35 இருந்தது என்று வைத்துக்கொண்டால் இப்போது 42. நம் கடலில் பிறந்த உயிர்களுக்கு இது சாதாரண அளவு இல்லை. அந்த க்ளோன் இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறது என்றால் அது கெட்டியான மீன்.

முதலில் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள். ஊசி ஆடும் பிளாஸ்டிக் டப்பா வகை வேண்டாம். அந்த ஊசியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே கணக்குத் தவறும். ரிஃப்ராக்டோமீட்டரில் கண்ணாடித் தகட்டின் மேல் இரண்டு சொட்டு விட்டு, குமிழி இல்லாமல் மூடியைச் சாய்த்து, அரை நிமிடம் பொறுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே மேல்பாதி நீலமாகவும் கீழ்பாதி வெள்ளையாகவும் தெரியும். இரண்டும் சந்திக்கும் கோடுதான் உப்பளவு. அதோடு 35 அளவுள்ள சோதனைத் திரவம் ஒரு சின்னக் குப்பி வாங்கி, மாதம் ஒரு முறை அதை வைத்துக் கருவியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெறும் நல்ல தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிறதே, போதும் என்று விட்டுவிடாதீர்கள். பூஜ்யத்தில் சரியாக நின்று 35-இல் இரண்டு புள்ளி தவறிய கருவியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

42 அல்லது அதை ஒட்டி இருந்தால் பதற வேண்டாம், ஒரேயடியாக இறக்கவும் வேண்டாம். தினமும் தொட்டியிலிருந்து நான்கு லிட்டர் எடுத்து வெளியே ஊற்றிவிட்டு, நான்கு லிட்டர் உப்பில்லாத சுத்தத் தண்ணீரை மெதுவாக விடுங்கள். நாளுக்கு ஒரு புள்ளி அளவுக்கு இறங்கும். ஒரு வாரத்தில் 35-க்கு வந்துவிடும். ஆவியாகும் இரண்டு லிட்டர் தனிக் கணக்கு. அதற்கும் இனிமேல் உப்பில்லாத தண்ணீர்தான். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி அளவைக் குறித்துவைத்து, காலையில் பல் தேய்ப்பது போல அதையும் ஒரு வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முதல் வாரத்தில் மூன்று க்ளோன் ஏன் இறந்தன?

உங்கள் பத்து வருட அனுபவம்தான் இந்த இடத்தில் உங்களை ஏமாற்றியிருக்கிறது. மீன் விடும் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாக மாறும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரேட் ஆக்கும். இந்த பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நன்னீர்த் தொட்டிக்கும் இதுதான் விதி என்றாலும் அங்கே ஒரு சலுகை உண்டு. நன்னீரின் அமில-கார அளவு, அதாவது பிஎச், பெரும்பாலும் 7-ஐ ஒட்டி இருக்கும். அந்த நிலையில் அமோனியாவில் பெரும்பகுதி அவ்வளவாக விஷமில்லாத வடிவத்தில் இருக்கும். கடல் தண்ணீரின் பிஎச் 8.1, 8.2. அங்கே அதே அமோனியாவில் விஷ வடிவத்தின் பங்கு பல மடங்கு. தங்கமீன் சமாளித்த அளவு க்ளோனைக் கொன்றுவிடும். உங்கள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கும், செவுள் வேகமாக அடித்திருக்கும். அது அமோனியா செவுளைச் சுட்டதால் வந்தது. மூன்றாம் நாள் தொட்டியில் பாக்டீரியா ஏதும் இல்லை. நான்கு க்ளோனும் ஒரு டேங்கும் விட்ட கழிவு அப்படியே நின்றிருக்கிறது.

டேங்குக்கு வந்தது வேறு. உப்புத் தூவிய மாதிரி புள்ளி என்று நீங்கள் எழுதியது மெரைன் இக் நோயின் அடையாளம். கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி. மீனின் தோலில் சில நாள் தின்று, பிறகு உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் ஒட்டிக் கூடு கட்டி, வெடித்து, மறுபடி மீனைத் தேடும். டேங் இறந்ததோடு அது போகவில்லை. இப்போதும் உங்கள் தொட்டியில் இருக்கிறது. மீனே கிடைக்காவிட்டால்தான் அது அழியும். அதற்கு 76 நாள் தொட்டியை மீனில்லாமல் வைக்க வேண்டும் என்பது கடல் தொட்டி வைத்துப் பராமரிக்கும் எங்கள் தொழிலில் கடைப்பிடிக்கும் கணக்கு.

ஆகவே உப்பளவு 35-க்கு வந்ததும், அந்த ஒரு க்ளோனை முப்பது, நாற்பது லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பில் மாற்றுங்கள். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றம், இவ்வளவு போதும். ஒட்டுண்ணியைக் கொல்லும் செம்பு மருந்து அங்கே மட்டும், அதுவும் செம்பு அளக்கும் டெஸ்ட் கிட் கையில் இருந்தால் மட்டும். கடைக்காரர் சொல்லும் சொட்டுக் கணக்கு வேண்டாம். பெரிய தொட்டியில் ஒரு சொட்டு செம்பு மருந்துகூட விழக் கூடாது. அது கல்லிலும் மணலிலும் ஊறி நின்று, பின்னால் வரும் இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும். டப்பில் போட்ட வலையையும் குவளையையும் தொட்டியில் போடாதீர்கள்.

இனி அந்தப் பவளம். இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நமது நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலி இருக்கிறது, யானை இருக்கிறது. அதே அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் அத்தனை வகையும் இருக்கின்றன. கரும்பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாமே 2001-இல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. எடுப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாம் குற்றம். முதல் அட்டவணையில் உள்ளவற்றுக்குத் தண்டனை மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை. உயிரோடு இருந்தாலும் சரி, செத்த எலும்புக்கூடாக இருந்தாலும் சரி. உங்களிடம் வந்தவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் காரணம் அதைவிடப் பெரியது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-இல் அவை கடல்வாழ் தேசியப் பூங்கா ஆயின. அந்தத் தீவுகளைச் சுற்றி நிற்கும் பவளப்பாறைதான் அலையின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. முன்பு சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் அங்கே பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்று இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில். மிஞ்சிய பவளத்துக்கு இப்போது சூடு வந்துவிட்டது. 2010-லும் 2016-லும் கோடையில் கடல் சூடேறி அங்கே பவளம் பெருமளவில் வெளுத்தது. பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலை வைத்து உணவு செய்து பவளத்துக்குக் கொடுப்பதும் நிறம் தருவதும் அதுதான். சூடு நாட்கணக்கில் 30 டிகிரிக்கு மேல் நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். பிறகு தெரிவது கண்ணாடி போன்ற சதையும் அதற்குப் பின்னால் வெள்ளை எலும்பும். உங்கள் தொட்டியில் 32 டிகிரியில் நீங்கள் பார்த்தது அதே வெளுப்பு. கடலில் சூடு தணிந்தால் பாசி திரும்பி வர வாய்ப்பு உண்டு. உங்கள் தொட்டியில் சூட்டோடு உப்பும் ஏறியதால் அந்த வாய்ப்பு இல்லாமல் போனது.

அந்த இரண்டு கூட்டையும் குப்பையில் போடாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், திரும்பக் கடலில் விடுவதாகவும் நினைக்காதீர்கள். தொட்டியில் இருந்த எதுவும் கடலுக்குத் திரும்பக் கூடாது. நோயும் ஒட்டுண்ணியும் கூடவே போகும். ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, வனத்துறை அலுவலகத்தில் நேரில் நடந்ததைச் சொல்லி ஒப்படையுங்கள். சங்கடமாக இருக்கும், தெரியும். இருந்தாலும் அதுதான் சரியான வழி. உங்களிடம் விற்றவர் அடுத்த வாரம் இன்னொரு வீட்டு வாசலில் நிற்பார் என்பதையும் யோசியுங்கள்.

அப்படியானால் வீட்டில் பவளத் தொட்டியே வைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வைக்கலாம். மேலே சொன்ன பட்டியலுக்குள் வராத மென்பவளங்கள் இருக்கின்றன: காளான் பவளம், பொத்தான் பொத்தானாக விரியும் ஜோவாந்தஸ், தோல் போன்ற லெதர் வகை. இவை எலும்புப் பாறை கட்டாதவை. தொட்டியிலேயே வெட்டி வளர்த்த துண்டா என்று கேட்டு, பில் போட்டு வாங்குங்கள். பில் தர மறுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பெயரில் சந்தேகம் வந்தால் வனத்துறையிடமே கேட்கலாம். என் வாடிக்கையாளர்களுக்கு நான் மென்பவளம் மட்டுமே வைத்துக் கொடுக்கிறேன். நல்ல காளான் பவளம் ஒன்று நீல வெளிச்சத்தில் தட்டு போல விரிந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் அதற்கு மேல் வேறு எதையும் கேட்டதில்லை.

ஒரு எச்சரிக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜோவாந்தஸ், பாலிதோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் உண்டு. அவை ஒட்டிய கல்லை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். அந்த ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போன குடும்பங்கள் வெளிநாடுகளில் உண்டு. தொடும்போது கையுறை, வெட்டும்போது கண்ணாடி. சிறு பிள்ளை இருக்கும் வீடு என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

இப்போது தொட்டியை மறுபடி எழுப்புவதைப் பார்ப்போம். 76 நாள் மீனில்லாமல் வைக்கத்தான் போகிறீர்கள். அந்தக் காலத்தைத் தண்ணீருக்குக் கொடுங்கள்.

கோவளம் தண்ணீரை நிறுத்துங்கள். கரையோரத் தண்ணீரில் கழிவும் சேறும் கலந்திருக்கும். அதைவிட முக்கியம், அது மாதத்துக்கு மாதம் மாறும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கரையில் ஆற்று நீர் கலந்து உப்பளவு நன்றாக இறங்கிவிடும். ஒரே அளவு வேண்டிய இடத்தில் ஓயாமல் மாறும் தண்ணீரை வைத்து என்ன செய்வது? கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்பை வாங்கிக் கலக்குங்கள். சமையல் உப்போ கல் உப்போ உதவாது. கால்சியம், மக்னீசியம் முதலானவை கடலில் உள்ள விகிதத்தில் அதில் இருக்காது.

கலக்கும் தண்ணீர் எது என்பதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். சமையலறை ஆர்.ஓ. தண்ணீர் போதாது. குடிக்க ருசியாக இருப்பதற்காக அதில் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கிறார்கள். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பாருங்கள், 50, 80 என்று காட்டும். கேன் தண்ணீரும் அப்படித்தான். நமக்கு வேண்டியது பூஜ்யம். ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிஞ்சிய தாதுவையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றைச் சேர்த்தால் பூஜ்யம் வரும். ரெசின் தீர்ந்ததும் எண் மெல்ல ஏறத் தொடங்கும், அப்போது மாற்றிவிடுங்கள். ஆர்.ஓ. தள்ளும் கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உப்பைத் தொட்டிக்குள் கொட்டாதீர்கள். தனி டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு உப்பு, கொஞ்சம் கொஞ்சமாக. உள்ளே ஒரு சின்ன பம்ப் ஓடட்டும். ஓர் இரவு கழித்து, தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்த பிறகு, 35 இருக்கிறதா, தொட்டியின் சூடும் இதன் சூடும் ஒன்றா என்று பார்த்துப் பயன்படுத்துங்கள். வாரம் 15 லிட்டர், அதாவது பத்தில் ஒரு பங்கு, மாற்றினால் உங்கள் அளவுத் தொட்டிக்குப் போதும்.

மீன் இல்லாத தொட்டியில் பாக்டீரியா பட்டினி கிடக்கக் கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். விளக்கை அணைத்தே வையுங்கள். வாரம் இருமுறை அமோனியாவும் நைட்ரைட்டும் அளந்து எழுதுங்கள். முதலில் அமோனியா ஏறி இறங்கும், அதன் பின்னால் நைட்ரைட் ஏறி இறங்கும், நைட்ரேட் மட்டும் நிற்கும். முன்னிரண்டும் பூஜ்யமாகி, தீனி போட்ட மறுநாளும் பூஜ்யமாகவே நின்றால் தொட்டி தயார். பிறகு விளக்கைப் போட்டதும் மணலெல்லாம் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் வரும். அது டையாட்டம் என்ற நுண்பாசி. பயந்து எல்லாவற்றையும் எடுத்துக் கழுவிவிடுகிறவர்கள் உண்டு. கழுவினால் மறுபடி முதல் நாள்தான். விட்டுவிடுங்கள், சில வாரத்தில் தானாகப் போகும். அதன் பிறகு பச்சைப் பாசி. அதற்கு நான்கைந்து டர்போ நத்தைகள் போதும். பல மாதம் கழித்துக் கல்லின் ஓரத்தில் ஊதா நிறத்தில் பெயின்ட் தெறித்த மாதிரி ஒரு புள்ளி தோன்றும். கோரலைன் பாசி. அந்தப் புள்ளியைப் பார்க்கும் நாளில் தொட்டி நிலைத்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருப்பேன்.

மற்ற அளவுகள்: அல்கலினிட்டி (பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கும் திறன்) 8 முதல் 9 டிகேஎச், கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல், மக்னீசியம் 1300-ஐ ஒட்டி. மென்பவளம் மட்டும் என்றால் வாராந்திரத் தண்ணீர் மாற்றமே இவற்றைப் பார்த்துக்கொள்ளும். பாட்டில் பாட்டிலாக மருந்து வாங்க வேண்டாம். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கால்சியத்தையும் அல்கலினிட்டியையும் சேர்த்துக் காக்கும் முறை ஒன்று உலகமெங்கும் உண்டு. அதைக் கேட்டுவிட்டு வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிய ஒருவர் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிஎச்சும் ஒரே இரவில் எகிறிவிடும். வேண்டாம்.

சில்லர் விஷயத்துக்கு வருகிறேன். ஃபேன் காற்று தண்ணீரை ஆவியாக்குவதால்தான் குளிர்ச்சி வருகிறது. அதனால்தான் உங்களுக்குத் தினம் இரண்டு லிட்டர் போகிறது. மதுரையின் வறண்ட காற்றில் அது நன்றாக வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்தில் இரண்டு டிகிரிக்கு மேல் இறங்குவது கடினம். உங்கள் ஊர் மே மாதத்தில் ஃபேனை மட்டும் நம்பினால் 30-ஐத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே அடுத்த கோடைக்குள் இரண்டில் ஒன்று: ஏசி ஓடும் அறைக்குத் தொட்டியை மாற்றுவது, இல்லையென்றால் சில்லர். சில்லர் வாங்கினால் அது வெளியே தள்ளும் சூடு அறைக்குள்ளேயே சுற்றாமல் ஜன்னல் ஓரம் வையுங்கள். அளவை 27-இல் வைத்துவிடுங்கள், 24-க்கு இறக்க ஆசைப்பட வேண்டாம். பகலில் 30, இரவில் 25 என்று ஆடுவதைவிட நாள் முழுக்க 27-இல் நிற்பது மென்பவளத்துக்கும் க்ளோனுக்கும் எவ்வளவோ மேல். தொட்டியை மாற்றுவதாக இருந்தால் இந்த மீனில்லாத காலத்திலேயே, தண்ணீரைப் பெரும்பாலும் இறக்கிவிட்டு மாற்றுங்கள். நிறைந்த தொட்டி ஸ்டாண்டோடு சேர்ந்து 250 கிலோ வரும்.

சூட்டைவிட எனக்குக் கவலை கரண்ட். சூடான உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கனவே குறைவாகத்தான் கரையும். நன்னீர்த் தொட்டி ஆறு மணி நேரம் சும்மா கிடந்தாலும் தங்கமீன் தாங்கும். பவளத் தொட்டியில் மீனோடு சேர்ந்து பவளமும் பாக்டீரியாவும் இரவு முழுக்க மூச்சு விடுகின்றன. புயல் நேரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போகும் ஊர் நம்முடையது. வீட்டு இன்வர்ட்டரில் ஒரு பவர்ஹெட்டையாவது இணையுங்கள். அதோடு கரண்ட் போனதும் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று. விளக்கும் ஸ்கிம்மரும் ஒரு நாள் நின்றால் பரவாயில்லை, தண்ணீர் அசைவது நிற்கக் கூடாது.

தொட்டிக்குப் போகும் ஒவ்வொரு வயரும் ப்ளக்குக்குக் கீழே ஒரு முறை தொங்கி வளைந்து பிறகு மேலே ஏற வேண்டும். வயரில் வழியும் உப்புத் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். அந்த லைனில், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம் கொசு மருந்து. ஸ்கிம்மர் அறைக் காற்றைத்தான் உள்ளே இழுத்துக் குமிழியாக்குகிறது. அறையில் ஸ்ப்ரே அடித்தால் அது நேராகத் தண்ணீருக்குப் போகும். பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும், இரண்டும் உறவுக்காரர்கள். நான் பராமரித்த ஒரு வீட்டில் காலையில் போனபோது மீன்கள் அப்படியே இருந்தன, மூன்று க்ளீனர் இறால் மட்டும் வெளிறிப் போய்க் கால் மடங்கிக் கிடந்தன. முதல் நாள் மாலை விருந்தாளி வருகிறார்கள் என்று கூடம் முழுக்க அடித்திருந்தார்கள். அந்த அறைக்குக் கொசுவலை போதும்.

உயிர்களை விடும் வரிசை. 76 நாள் கழித்து முதலில் உங்கள் பழைய க்ளோன். அதற்கு ஒரு ஜோடி வேண்டும் என்றால் அதைவிடச் சின்னதாக ஒன்று. க்ளோன் மீன் எல்லாமே ஆணாகத்தான் தொடங்கும்; இரண்டில் பெரியது பெண்ணாக மாறும். ஒரே அளவில் இரண்டு விட்டால் யார் பெரியவர் என்று கடித்துக்கொள்ளும். கடலில் பிடித்ததை வாங்காமல் குஞ்சு பொரித்து வளர்த்ததைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் க்ளோனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டி வெகு காலமாகிறது. அப்படிப் பிறந்தவை தொட்டிக்குப் பழகியவை, தீனிக்கு அடம் பிடிக்காது, நோயும் குறைவு. புதிதாக வரும் எதையும் நான்கு வாரம் டப்பில் தனியே வைத்துத்தான் உள்ளே விட வேண்டும்.

டேங் வேண்டாம். அது முப்பது சென்டிமீட்டர் வளரும், நாள் முழுக்க நீந்தும். மூன்றடிக்குள் அதை வைப்பது கொடுமை. கடல் சாமந்தியும் இப்போது வேண்டாம். தொட்டிக்கு ஒரு வருடமாவது ஆகட்டும். சாமந்தி பிடிக்காத இடத்தில் நிற்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் உங்களுடையது பவர்ஹெட்டுக்குப் போனது. க்ளோனுக்குச் சாமந்தி கட்டாயம் என்பது தவறான எண்ணம். லெதர் பவளத்திலேயே வந்து படுத்துக்கொள்ளும், சில சமயம் ஒரு மண் சட்டியே போதும்.

ஜோடி சேர்ந்து ஒரு வருடம் போனால் ஒருநாள் கல்லை வாயால் சுத்தம் செய்துகொண்டிருக்கும். ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் ஒட்டியிருக்கும். அப்பா மீன் அங்கேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், செத்த முட்டையைப் பொறுக்கி எடுக்கும். ஒரு வாரத்தில் முட்டைக்குள் வெள்ளிப் பொட்டு மாதிரி கண்கள் தெரியும். விளக்கு அணைந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொரியும்.

மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டும் அந்த ரிஃப்ராக்டோமீட்டரும் அவளிடம் கொடுங்கள். காலையில் உப்பளவு, சூடு, எத்தனை லிட்டர் நல்ல தண்ணீர் விட்டது என்று மூன்றே மூன்று எண். டப்பில் இருக்கும் க்ளோனுக்குத் தீனியும் அவள் கையால் போடட்டும். நான்கைந்து நாளில் அவள் நிழல் பட்டாலே மேலே வரும். ஆறு வாரம் கழித்து அந்த நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அமோனியா, நைட்ரைட் எண்களைப் பார்த்துவிட்டு விளக்கை எப்போது போடலாம் என்று எழுதுகிறேன்.